எல்.ஓ.சி. கடனில் நடக்கும் ஆப்பிரிக்கக் குடிநீர்த் திட்டம்: பம்ப் சப்ளை செய்பவருக்குப் பணம் யார் தருவது?

பம்ப்ஹவுஸ்_கோவை (கேள்வி)

கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு குடிநீர்த் திட்டம். இந்திய அரசு எக்சிம் வங்கி (ஏற்றுமதி-இறக்குமதி வங்கி) வழியாக அந்த நாட்டுக்குக் கொடுத்திருக்கும் எல்.ஓ.சி. (லைன் ஆஃப் கிரெடிட், ஒரு வரம்புக்குள் தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ளும் கடன்) கடனில் நடக்கப்போகிறது. மொத்த வேலையும் வடக்கே உள்ள ஒரு பெரிய இ.பி.சி. (வடிவமைப்பு, கொள்முதல், கட்டுமானம் மூன்றையும் எடுத்துச் செய்யும்) கம்பெனியிடம். பம்ப், மோட்டார், பேனல் மட்டும் கோவையிலிருந்து எடுக்க விலை கேட்டிருக்கிறார்கள். சரக்கு மதிப்பு சுமார் 4 கோடி. சப்ளையரான நான் உத்யம் பதிவில் (சிறு, குறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) சிறு நிறுவனம்.

கேட்க வேண்டியவை:

பணம் எக்சிம் வங்கியிலிருந்து நேராக வருமா, இ.பி.சி. கம்பெனி கையிலிருந்து வருமா? "இந்திய கவர்மென்ட் கேரண்டி இருக்கு, பயமே வேண்டாம்" என்கிறது அவர்களுடைய பர்சேஸ் பிரிவு. அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

75 சதவீதம் இந்தியப் பொருளாக இருக்க வேண்டும் என்கிறார்கள். பம்பும் மோட்டாரும் இங்கே செய்வது. பேரிங், பேனலுக்குள் போகும் டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) இரண்டும் இறக்குமதி. கணக்கு எப்படிப் போடுவது?

18 சதவீத ஜி.எஸ்.டி.க்குப் பதில் 0.1 சதவீதத்தில் பில் போடச் சொல்கிறார்கள். இதில் என்ன வில்லங்கம்?

அந்த நாடு கடனைக் கட்டாமல் கைவிரித்தால் நடுவில் மாட்டிக்கொள்வது யார்?

கடைசியாக, பொது அறிவுக்காக ஒன்று. சென்னை மெட்ரோவுக்கு ஜப்பானிடம் கடன் வாங்குகிறோம். இன்னொரு பக்கம் ஆப்பிரிக்காவுக்குக் கடன் கொடுக்கிறோம். இது என்ன கணக்கு?

---

ஷிப்பிங்பில்

நேராகச் சொல்லிவிடுகிறேன்: எக்சிம் வங்கிக்கு உங்கள் பெயர்கூடத் தெரியாது.

பணம் போகும் வழியைப் பாருங்கள். கடன் வாங்குவது அந்த நாட்டு அரசு, கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் அதன் நிதி அமைச்சகம். வேலையை நடத்துவது அங்குள்ள குடிநீர் வாரியம். வாரியமும் இ.பி.சி. கம்பெனியும் ஒப்பந்தம் போடுவார்கள். நிதி அமைச்சகம் அதை ஏற்று எக்சிமுக்கு அனுப்பும். "இந்த ஒப்பந்தத்துக்கு இந்தக் கடனிலிருந்து பணம் தரலாம்" என்று எக்சிம் எழுதிக்கொடுக்க வேண்டும். அந்தக் கடிதம் வராத வரை, வாரியத்தின் சீல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது காகிதம்தான். பிறகு கம்பெனி சரக்கை ஏற்றி, ஆவணங்களைத் தன் வங்கியில் கொடுக்கும். வங்கி சரிபார்த்துப் பணம் தரும். எக்சிம் அந்த வங்கிக்கு ஈடு செய்யும். டாலர் ஆப்பிரிக்காவுக்குப் போய்த் திரும்பி வருவதில்லை, இந்தியாவுக்குள்ளேயே கைமாறிவிடுகிறது. அந்த நாட்டின் கணக்கில் கடன் ஏறும், அவ்வளவுதான்.

இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? கம்பெனிக்கு உள்நாட்டில் சரக்கு விற்கும் ஒரு வியாபாரி. உங்கள் இன்வாய்ஸ் எக்சிம் மேசைக்குப் போவதே இல்லை.

"கவர்மென்ட் கேரண்டி" என்பது பொய்யில்லை, ஆனால் பாதி உண்மை. கடன் வாங்கிய நாடு கட்டாவிட்டால் இந்திய அரசு எக்சிம் வங்கிக்கு ஈடு செய்யும். அந்தக் கேரண்டி வங்கிக்கு. இ.பி.சி. கம்பெனிக்கே அது கிடையாது, உங்களுக்கு எங்கிருந்து வரும்?

எனவே நீங்கள் பார்க்க வேண்டியது இ.பி.சி. கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டை. அதையும் முழுதாக நம்ப வேண்டாம். இன்லேண்ட் எல்.சி. (ஆவணங்களைக் கொடுத்தால் அவர்கள் வங்கியே பணம் தரும் என்ற உறுதிக் கடிதம்) கேளுங்கள். கொடுப்பார்கள், ஆனால் அதற்குள் ஒரு கண்ணி இருக்கும். எல்.சி.யில் "தேவைப்படும் ஆவணங்கள்" பகுதியை ஒரு வரி விடாமல் படியுங்கள். இன்வாய்ஸ், லாரி ரசீது, தொழிற்சாலையிலேயே செய்த சோதனைச் சான்று, இவை நீங்களாகவே திரட்டக்கூடியவை. "வாடிக்கையாளரிடமிருந்து பணம் வந்ததற்கான சான்று" அல்லது "திட்ட இடத்தில் சரக்கு பெற்றுக்கொண்டதற்கு வாரியப் பொறியாளர் கையெழுத்து" என்று ஒன்று செருகப்பட்டிருந்தால் அந்த எல்.சி. செல்லாக்காசு. அந்தக் கையெழுத்தை நீங்கள் எங்கே போய் வாங்குவீர்கள்?

பணம் பிரியும் விகிதமும் முக்கியம். இத்தகைய ஒப்பந்தங்களில் பொதுவாக முன்பணம் 10 முதல் 20 சதவீதம், கப்பலில் ஏறியதும் 60-70, மீதி நிறுவி ஓட்டிக்காட்டிய பிறகு. இ.பி.சி. கம்பெனி தனக்கு இருக்கும் அதே விகிதத்தை உங்கள் தலையிலும் கட்டப் பார்க்கும். பைப் பதிக்கவே இரண்டு வருடம் ஆகும் திட்டத்தில் "ஓட்டிக்காட்டிய பிறகு 20 சதவீதம்" என்றால் 80 லட்சம் இரண்டு, மூன்று வருடம் தூங்கும். அந்த 20-ஐ சரக்கு ஏறியதும் வாங்கிக்கொண்டு, அதற்கு ஈடாக முடிவு தேதி போட்ட ஒரு பேங்க் கேரண்டி கொடுப்பது நல்லது. முடிவு தேதி இல்லாத கேரண்டி கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

0.1 சதவீத ஜி.எஸ்.டி. சட்டப்படி சரிதான். வணிக ஏற்றுமதியாளருக்கு (பிறரிடம் வாங்கி ஏற்றுமதி செய்பவர்) விற்கும் சரக்குக்கு 2017-லிருந்தே இருக்கும் சலுகை. நிபந்தனைகள்தான் கடுமை:

- உங்கள் இன்வாய்ஸ் தேதியிலிருந்து 90 நாளுக்குள் சரக்கு ஏற்றுமதியாகிவிட வேண்டும்.
- ஷிப்பிங் பில்லில் (சுங்கத்தில் கொடுக்கும் ஏற்றுமதி ஆவணம்) உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணும் இன்வாய்ஸ் எண்ணும் வர வேண்டும்.
- வாங்குபவர் ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகம் ஒன்றில் பதிவு செய்திருக்க வேண்டும். சலுகை விகிதத்தில் ஆர்டர் போட்டு, அதன் நகலை உங்கள் வரி அதிகாரிக்கும் கொடுக்க வேண்டும்.
- சரக்கு உங்கள் இடத்திலிருந்து நேராகத் துறைமுகத்துக்கோ பதிவு பெற்ற கிடங்குக்கோதான் போக வேண்டும். கம்பெனியின் நாக்பூர் யார்டில் ஒரு மாதம் இறக்கி வைத்துப் பிறகு அனுப்பினால் நிபந்தனை மீறல்.
- ஏற்றுமதியானதும் ஷிப்பிங் பில் நகலும் ஈ.ஜி.எம். (கப்பலில் ஏறிய சரக்கின் பட்டியல்) தாக்கலான சான்றும் உங்களுக்கு வர வேண்டும்.

90 நாள் தாண்டினால் மீதி 17.9 சதவீதமும் வட்டியும் உங்களிடம்தான் கேட்பார்கள், அவர்களிடம் இல்லை. 4 கோடிக்குச் சுமார் 72 லட்சம். எல்.ஓ.சி. திட்டங்களில் 90 நாள் தாண்டுவது அபூர்வமும் இல்லை: அந்தப் பக்கம் பம்ப் ஹவுஸ் அஸ்திவாரம் தயாராகவில்லை என்று வாரியம் "இப்போது அனுப்ப வேண்டாம்" என்று சொல்லிவிடும். சலுகையை மறுத்து 18 சதவீதத்தில் பில் போட்டால் உங்களுக்கு ஒரு தலைவலியும் இல்லை. வரியை அவர்கள் ரீஃபண்டாக வாங்கிக்கொள்ளட்டும். ஒப்புக்கொள்ளவில்லையா, வரி வித்தியாசத்துக்கு ஒரு கேரண்டி வாங்கிக்கொண்டு 0.1-இல் போடுங்கள்.

இன்னொன்று: இந்தச் சலுகை சரக்குக்கு மட்டும். உங்கள் ஆள் அங்கே போய் நிறுவிக்கொடுக்கும் வேலைக்கு இதே விகிதத்தில் பில் போட்டுவிடாதீர்கள்.

---

முத்திரைத்தாள்

75 சதவீதக் கணக்குக்கு வருகிறேன். ரிசர்வ் வங்கி ஒவ்வொரு எல்.ஓ.சி.க்கும் ஒரு சுற்றறிக்கை வெளியிடும். அதன் வாசகம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும்: ஒப்பந்த விலையில் குறைந்தது 75 சதவீத மதிப்புள்ள பொருளும் சேவையும் விற்பனையாளரால் இந்தியாவிலிருந்து தரப்பட வேண்டும், மீதி 25-ஐ வெளியே வாங்கிக்கொள்ளலாம். "ஒப்பந்த விலை" என்ற சொல்லைக் கவனியுங்கள். கணக்கு மொத்த ஒப்பந்தத்துக்கு. ஒவ்வொரு பம்பையும் பிரித்துப் பார்த்து 75 தேடுவதில்லை.

உதாரணத்துக்கு ஒப்பந்தம் 4 கோடி டாலர் என்று வைத்துக்கொள்வோம். 3 கோடி டாலருக்கு இந்தியாவிலிருந்து போக வேண்டும். குடிநீர்த் திட்டத்தில் மணல், ஜல்லி, சிமென்ட், உள்ளூர் கூலி, டீசல் எல்லாம் அங்கேதான். அதுவே 90 லட்சம் டாலர் தின்றுவிட்டால், மூன்றாம் நாட்டுச் சரக்குக்கு மிச்சம் 10 லட்சம் டாலர்தான். அதனால்தான் இ.பி.சி. கம்பெனி பம்புக்குக் கோவையைத் தேடி வருகிறது. விலை மட்டும் காரணம் இல்லை, அவர்களுக்கு இந்தியக் கணக்கு நிரம்ப வேண்டும். பேரம் பேசும்போது இது நினைவில் இருக்கட்டும்.

உங்கள் பேரிங் பிரச்சினை இல்லை. டிரைவை இங்கே வாங்கி, பேனலில் பொருத்தி, சோதித்து, இந்தியத் துறைமுகத்திலிருந்து அனுப்பினால் அது உங்கள் சரக்கு. செலவு மிச்சம் என்று டிரைவை மட்டும் ஷாங்காயிலிருந்து நேராக அங்கே இறக்கினால் அது அந்த 25-க்குள் போய்விடும். இந்தியப் பங்கு எவ்வளவு என்று கம்பெனி எப்படியும் உங்களிடம் ஆடிட்டர் சான்று கேட்கும். ஆர்டருக்கு முன்பே வாசகத்தைப் பேசி முடியுங்கள்.

கட்டுமானம் அதிகமுள்ள திட்டங்களில் 75-ஐ 65 வரை தளர்த்துவது உண்டு. வங்கதேசம் இதற்காக நெடுநாள் வாதாடியது. சாலை போடும் வேலைக்குச் செங்கலையும் மணலையும் இந்தியாவிலிருந்து எப்படிக் கொண்டுபோவது என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வியும்கூட.

அடுத்து உங்கள் "என்ன கணக்கு". 2003 பட்ஜெட்டில் அப்போதைய நிதி அமைச்சர் ஜஸ்வந்த் சிங் இரண்டு முடிவுகளைச் சேர்த்தே அறிவித்தார். சிறிய நாடுகளிடமிருந்து இருதரப்பு உதவி இனி வாங்குவதில்லை; நாமே மற்ற வளரும் நாடுகளுக்கு உதவப்போகிறோம். ஜப்பான், ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா போன்ற பெரிய தரப்புகளின் உதவி மட்டும் தொடர்ந்தது. இன்றைய எல்.ஓ.சி. திட்டம் அந்தக் காலத்தில் தொடங்கியதுதான். அதற்கு முன் அரசே கஜானாவிலிருந்து கடன் கொடுத்தது. இப்போது எக்சிம் வங்கி சந்தையில் பணம் திரட்டிக் கொடுக்கிறது, வட்டி வித்தியாசத்தை அரசு நிரப்புகிறது. பட்ஜெட்டில் விழும் செலவு கடன் தொகையைவிட மிகவும் சிறியது. 2012-இல் வெளியுறவு அமைச்சகத்துக்குள் இதற்கென்றே வளர்ச்சிக் கூட்டுறவு நிர்வாகம் ஒன்று வந்தது.

வட்டி எப்படி நிர்ணயிக்கிறார்கள் என்பதில்தான் சூட்சுமம். 2015 டிசம்பர் விதிமுறைகளில் நாடுகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஏழை நாடு, அதோடு சலுகைக் கடன்தான் வாங்க வேண்டும் என்ற பன்னாட்டு நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) நிபந்தனைக்குள் இருக்கும் நாடு என்றால் 1.5 சதவீத வட்டி, 25 வருடம். ஏழை நாடு, ஆனால் அந்த நிபந்தனை இல்லை என்றால் 1.75 சதவீதம், 20 வருடம். மற்ற நாடுகளுக்கு லைபாருடன் (லண்டன் வங்கிகளின் அடிப்படை வட்டி) 1.5 சேர்த்து, 15 வருடம். மூன்றிலும் முதல் 5 வருடம் அசல் கட்ட வேண்டாம். பிறகு லைபாரே ஒழிந்துவிட்டது, டாலர் கடன்கள் இப்போது சோஃபர் என்ற அமெரிக்க அடிப்படை வட்டிக்கு மாறிவிட்டன. முதல் பிரிவுக்கு மட்டும் ஏன் 25 வருடம்? நிதியத்தின் வரையறைப்படி ஒரு கடனில் குறைந்தது 35 சதவீதம் மானியக் கூறு (சந்தைக் கடனோடு ஒப்பிட்டால் இலவசமாகக் கிடைக்கும் பங்கு) இருந்தால்தான் அது சலுகைக் கடன். அந்த 35-ஐத் தாண்டும்படி வட்டியையும் காலத்தையும் அமைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் அந்த நாடு கையெழுத்துப் போடவே முடியாது.

"இது உதவியா, ஏற்றுமதி மானியமா?" என்று கேட்டால், இரண்டும். ஜப்பான் நமக்குச் செய்வதும் இதேதான். மும்பை–அகமதாபாத் புல்லட் ரயிலுக்கு 0.1 சதவீத வட்டி, 50 வருடம், முதல் 15 வருடம் அசல் இல்லை. கேட்க இனிக்கும், ஆனால் ரயில் பெட்டியும் சிக்னலும் அங்கிருந்து வர வேண்டும் என்ற கட்டு அதற்குள்ளேயே இருந்தது. வாங்கும்போது நாம் எந்த நிபந்தனையைப் பார்த்து முணுமுணுக்கிறோமோ, கொடுக்கும்போது அதையே போடுகிறோம். பணக்கார நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, தங்கள் சரக்கையே வாங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுக்கும் கடனில் குறைந்தது 35 சதவீதம் சலுகை இருக்க வேண்டும். இந்தியாவும் சீனாவும் அந்தக் கூட்டத்தில் உறுப்பினர்கள் இல்லை, அதனால் அந்த விதி இரண்டையும் கட்டுப்படுத்தாது.

---

வடலி_நிழல்

நாலாவது கேள்விக்கு இலங்கைப் பக்கத்திலிருந்து பதில் இருக்குது. "நாடு கைவிரித்தால் என்ன நடக்கும்" எண்டது எங்களுக்குப் புத்தகக் கதை இல்லை.

2022 ஏப்ரல் 12-ஆம் திகதி இலங்கை வெளிநாட்டுக் கடன் கட்டுறதை நிறுத்தியது. அதுக்குள்ள இந்தியாவின் எல்.ஓ.சி. கடன்களும் அடங்கும். கடன் கட்டுறது நிண்டால் புதுசாகப் பணம் விடுவிக்கிறதும் சிக்கலாகும். வேலை செய்து முடிச்ச ஒப்பந்தகாரருக்கு வர வேண்டிய காசு நடுவில தொங்கும். இது ஊகம் இல்லை. 2024 டிசம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க டெல்லி போனபோது வந்த கூட்டறிக்கையிலேயே இருக்குது: எல்.ஓ.சி.யில் தொடங்கிய திட்டங்களுக்குக் கொடுக்க வேண்டிய நிலுவையைத் தீர்க்க 2 கோடியே 6 லட்சத்து 60 ஆயிரம் டொலரை இந்தியா நன்கொடையாகத் தந்தது. அதாவது கடனாகப் போக வேண்டிய காசை நன்கொடையாக மாற்றித்தான் பழைய பில்லைத் தீர்க்க வேண்டி வந்தது. 2022 ஏப்ரலுக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில எத்தனை மாதம் எண்டு நீங்களே எண்ணிப் பாருங்கோ.

அந்த இடைவெளியில என்ன நடந்தது? 2023 ஜனவரியில இலங்கையின் கடனை மறுசீரமைக்க ஒத்துழைப்போம் எண்டு பன்னாட்டு நிதியத்துக்கு நிதி உறுதி கொடுத்த முதல் நாடு இந்தியா. பிறகு இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் மூண்டும் இணைத்தலைமை வகித்த கடன்கொடுநர் குழு, 2024 யூனில 580 கோடி டொலர் கடனை மறுசீரமைக்க உடன்பட்டது. சீன எக்சிம் வங்கி அந்தக் குழுவுக்குள்ள வராமல் தனியாகப் பேசி முடிச்சது. திட்டங்களுக்குக் காசு வாறது போறது எல்லாம் இந்தப் பேச்சுவார்த்தைகளின் கையில. சப்ளையர் குரல் அங்க கேக்காது.

ஆனால் எல்லா எல்.ஓ.சி.யும் ஒரே வேகம் இல்லை. நெருக்கடியின் உச்சத்திலேயே, 2022 பெப்ரவரியில எரிபொருளுக்கு 50 கோடி டொலர், மார்ச்சில சாப்பாடு, மருந்து போன்ற அத்தியாவசியப் பொருளுக்கு 100 கோடி டொலர் கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. முதலாவது எக்சிம் வழியாக, இரண்டாவது ஸ்டேட் பாங்க் வழியாக. சரக்கு சில வாரங்களிலேயே வரத் தொடங்கியது. ஏனெண்டால் பொருள் வாங்குற கடனுக்கு காணி எடுக்கத் தேவையில்லை, வரைபடம் தேவையில்லை, கேள்விப்பத்திரம் (டெண்டர்) மூண்டு தரம் போடத் தேவையில்லை. திட்டக் கடன் வேறை விதம். மஹவ–ஓமந்தை 128 கிலோமீற்றர் ரயில் பாதைப் புதுப்பிப்பு எல்.ஓ.சி. காசில 9 கோடியே 12 லட்சம் டொலர் அளவில நடந்தது, 2025 ஏப்ரலில அநுராதபுரத்தில வைத்துத் திறந்தவை. அதே பாதையின் மஹவ–அநுராதபுரம் சிக்னல் வேலையை முதலில் கடனாகத் தொடங்கிப் பிறகு நன்கொடையாக மாற்றினவை.

நன்கொடை, கடன் இரண்டையும் குழப்பாதேங்கோ. வடக்கு-கிழக்கிலும் மலையகத்திலும் இந்தியா கட்டிய வீடுகள் நன்கொடை. ரயில் பாதை கடன். இரண்டிலும் இந்தியக் கொடி போட்ட பலகைதான் நிக்கும். திறைசேரிக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

---

கட்டபொம்மன்_ரோடு

சீனக் கடனைவிட இது எவ்வளவோ மேல் என்று யாரும் எழுதவில்லையே! ஹம்பாந்தோட்டையை சீனா கடனுக்குப் பிடுங்கிக்கொண்ட மாதிரி நாம் எதையும் பிடுங்கவில்லை.

---

முத்திரைத்தாள்

அந்தக் கதை பாதிதான் சரி சார். ஹம்பாந்தோட்டை முதல் கட்டத்துக்கு சீன எக்சிம் கொடுத்த 30 கோடியே 70 லட்சம் டாலருக்கு 6.3 சதவீத வட்டி. அது உதவி வட்டி இல்லை, வியாபார வட்டி. அதில் உங்கள் பக்கம்தான் நியாயம். ஆனால் 2017-இல் 99 வருடக் குத்தகைக்குக் கிடைத்த 112 கோடி டாலரில் அந்தத் துறைமுகக் கடன் கழிக்கப்படவில்லை. பணம் இலங்கையின் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போயிற்று. கடன் அப்படியே நின்றது, இலங்கை தொடர்ந்து கட்டி வந்தது.

சீனாவின் சலுகைக் கடனில் 50 சதவீதம் அவர்கள் சரக்கு இருந்தால் போதும். நாம் 75 கேட்கிறோம். வட்டியில் நாம் மலிவு, கட்டுப்பாட்டில் நாம் இறுக்கம். வாங்கும் நாட்டின் பொறியாளரைக் கேட்டால் வட்டியைப் பற்றிப் பேசமாட்டார். "இந்தியக் கம்பெனிகள் மட்டும்தான் டெண்டர் போடலாம் என்பதால் மூன்று பேர்தான் வருகிறார்கள், விலை மதிப்பீட்டைத் தாண்டிப் போகிறது, மறுபடி டெண்டர்" என்பதைத்தான் சொல்வார்.

வங்கதேசத்தைப் பாருங்கள். 2010, 2016, 2017 என்று மூன்று எல்.ஓ.சி. சேர்த்துச் சுமார் 736 கோடி டாலர். வட்டி வெறும் 1 சதவீதம், 20 வருடம். இந்தியா வேறு யாருக்கும் இவ்வளவு கொடுத்ததில்லை. ஆனால் விடுவிக்கப்பட்ட தொகை அதில் சிறு பகுதிதான். நிலம் எடுப்பு, திட்ட அறிக்கை அங்கீகாரம், டெண்டர் ஆவணத்துக்கு ஒரு தடவை எக்சிம் ஒப்புதல், ஒப்பந்தத்துக்கு இன்னொரு தடவை என்று ஒவ்வொரு படியிலும் மாதங்கள் போயின. 2024 ஆகஸ்டில் அங்கே ஆட்சி கவிழ்ந்ததும் ஆஷுகஞ்ச்–அகௌரா நான்குவழிச் சாலையில் இருந்த இந்தியப் பணியாளர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள், வேலை நின்றது. அப்போது கடன் ஒப்பந்தம் ரத்தாகவில்லை, பணமும் தீரவில்லை. சைட்டில்தான் ஆள் இல்லாமல் போயிற்று.

நன்றாக முடிந்தவையும் உண்டு. தான்சானியாவில் விக்டோரியா ஏரித் தண்ணீரை டபோரா, இகுங்கா, நசேகா ஊர்களுக்குக் கொண்டுபோன திட்டம் 26 கோடியே 83 லட்சம் டாலர் எல்.ஓ.சி.யில் நடந்தது. ருவாண்டாவில் 28 மெகாவாட் நியாபரோங்கோ நீர்மின் நிலையம் ஓடுகிறது. கேள்வி கேட்டவரின் திட்டம் தான்சானியா வகையைச் சேர்ந்தது போலத் தெரிகிறது. குடிநீர் கேட்டு மக்கள் நெருக்கும் இடத்தில் வாரியம் கையெழுத்தை இழுத்தடிக்காது.

---

பம்ப்ஹவுஸ்_கோவை

எல்லோருக்கும் நன்றி. ஆர்டரை விடுவதா எடுப்பதா என்ற குழப்பம் தீர்ந்தது: எடுக்கலாம், ஆனால் அவர்கள் டிராஃப்டை அப்படியே ஏற்கக் கூடாது. இரண்டு சந்தேகம் பாக்கி. "எங்களுக்கு வந்த பிறகுதான் உங்களுக்கு" என்ற வரி அவர்கள் பி.ஓ.வில் (கொள்முதல் ஆணை) இருக்கிறது. அது செல்லுமா? இன்னொன்று, டெலிவரி "திட்ட இடம் வரை" என்று போட்டிருக்கிறார்கள். அதை ஒப்புக்கொள்ளலாமா?

---

ஷிப்பிங்பில்

டெலிவரியைத் திட்ட இடம் வரை ஒப்புக்கொள்ளவே கூடாது. காரணம் துறைமுகத்தில் இருக்கிறது.

எல்.ஓ.சி. திட்டச் சரக்குக்கு அந்த நாட்டில் சுங்கவரி, உள்நாட்டு வரி கிடையாது. கடன் விதியே அப்படித்தான். ஆனால் விலக்கு தானாக வராது. ஒவ்வொரு சரக்கு வரத்துக்கும் வாரியம் வரித்துறைக்கு எழுதி விலக்குக் கடிதம் வாங்க வேண்டும். அதில் உள்ள இன்வாய்ஸ் எண், பெட்டி எண்ணிக்கை, சரக்கு விவரம் எல்லாம் கப்பல் ஆவணத்தோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். கப்பல் ஆவணத்தில் பெறுநர் பெயர் இ.பி.சி. கம்பெனியின் அங்குள்ள கிளை, விலக்குக் கடிதத்தில் வாரியத்தின் பெயர் என்றால் சுங்கத்தில் நிற்கும். "சென்ட்ரிஃபியூகல் பம்ப் 12 செட்" என்று கடிதத்தில் இருந்து, உங்கள் பேக்கிங் லிஸ்டில் பம்ப் 12, மோட்டார் 12, பேஸ் பிரேம் 12 என்று தனித்தனியாக இருந்தாலும் நிற்கும். இலவச நாட்கள் தீர்ந்ததும் துறைமுக வாடகை ஒரு பக்கம், கன்டெய்னருக்குக் கப்பல் கம்பெனி போடும் தண்டம் இன்னொரு பக்கம். இரண்டு மாதம் நின்றால் உங்கள் லாபம் அங்கேயே கரைந்துவிடும். கடிதத்தை வாங்க வேண்டியது வாரியம், கெஞ்ச வேண்டியது இ.பி.சி. கம்பெனி. அந்த ஆட்டத்தில் உங்களுக்கு வேலையில்லை. கோவைத் தொழிற்சாலை வாசலில், அதிகம் போனால் தூத்துக்குடித் துறைமுகத்தில் உங்கள் பொறுப்பு முடிய வேண்டும். பேக்கிங் லிஸ்ட் வாசகத்தை மட்டும் அவர்களிடம் முன்பே கேட்டு அதே மாதிரி அடியுங்கள்.

இரண்டாவது வரி. சிறு, குறு நிறுவனச் சட்டப்படி எழுத்தில் ஒப்புக்கொண்ட கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. அந்தச் சட்டத்தோடு முரண்படும் மற்றவற்றை அது மீறும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. எனவே "எங்களுக்கு வந்த பிறகு" என்ற வரி உங்களிடம் பலிக்காது. சப்ளைக்கு முன்பே உத்யம் பதிவு இருக்க வேண்டும், எண் இன்வாய்ஸில் அச்சாகியிருக்க வேண்டும். 45 நாளுக்குள் கொடுக்காமல் நிதியாண்டும் முடிந்துவிட்டால் அந்த வருடக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது என்ற வருமான வரி விதியும் அவர்களைக் கடிக்கும். மார்ச் மாதத்தில் அவர்கள் கணக்குப் பிரிவே உங்களைத் தேடி வரும்.

ஆனாலும் சட்டத்தை நம்பி அந்த வரியை விட்டுவைக்காதீர்கள். அடித்துவிடச் சொல்லுங்கள். சிறு, குறு நிறுவனப் பாக்கிகளை விசாரிக்கும் கவுன்சிலில் வழக்குப் போட்டு ஜெயிக்கலாம், அடுத்த ஆர்டர் வராது. வழக்கு இல்லாத வழி டிரெட்ஸ், அதாவது சிறு நிறுவனங்களின் இன்வாய்ஸை வங்கிகள் வாங்கும் ஆன்லைன் தளம். 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் அதில் சேர்ந்தே ஆக வேண்டும். உங்கள் இன்வாய்ஸை அங்கே ஏற்றி அவர்கள் ஒப்புக்கொண்டால், ஏதாவதொரு வங்கி உடனே தள்ளுபடி செய்து பணம் தரும். கெடு நாளில் அவர்கள் கட்டாவிட்டால் வங்கி அவர்களைத்தான் துரத்தும், உங்களை அல்ல.

அங்குள்ள ஏஜென்ட் யாராவது "ஆர்டர் வாங்கித் தருகிறேன், 3 சதவீதம்" என்று வந்தால்: எல்.ஓ.சி. ஏற்றுமதியில் ஏஜென்சி கமிஷன் கிடையாது என்று ரிசர்வ் வங்கி ஒவ்வொரு சுற்றறிக்கையிலும் சொல்கிறது. ஏற்றுமதியாளர் தன் சொந்தப் பணத்திலிருந்து, முழுத் தொகையும் வந்த பிறகு, வங்கி வழியாகக் கொடுக்கலாம். நீங்கள் ஏற்றுமதியாளரே இல்லை, அதனால் அந்தப் பேச்சையே எடுக்க விடாதீர்கள்.

ஒரு தொழில்நுட்ப விஷயமும் சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும். விலைப்புள்ளி அனுப்பும் முன் திட்ட இடத்தின் உயரத்தைக் கேளுங்கள். டபோரா பக்கமெல்லாம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர். மோட்டார் தரநிலை 1,000 மீட்டர் வரைக்கும்தான், அதற்கு மேல் திறனைக் குறைத்துக் கணக்கிட வேண்டும். அந்த உயரத்தில் காற்றழுத்தம் ஒரு மீட்டருக்கு மேல் தண்ணீர் உயரம் குறைந்துவிடும், உறிஞ்சுபக்கக் கணக்கையும் அதற்கேற்ப மாற்றுங்கள். மின்னழுத்தம் அங்கே 400 வோல்ட். நம்மூர் 415-க்குச் சுற்றிய மோட்டாரை அப்படியே அனுப்பினால் முழுச்சுமையில் கூடுதலாகச் சூடாகும். ஓட்டிக்காட்டும் நாளில் அது டிரிப் ஆனால், அந்தக் கடைசித் தவணைக்கு மேலே சொன்ன எந்த எல்.சி.யும் உதவாது.